வால்வில் கட்டிய கம்பி: செயன்முறைப் பாதுகாப்பு என்றால் என்ன?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் வழங்கிவந்த ஓர் ஆலையில் நான் இயந்திர இயக்குநராகச் சேர்ந்த முதற் கிழமையிலேயே அந்தக் கம்பித் துண்டைக் கண்டேன். அமோனியாக் கொள்கலம் ஒன்றின் அடியில், தேங்கும் ஒயிலை வடித்தெடுப்பதற்கென்று சிறிய குழாய் ஒன்று இருந்தது. அதன் முனையில் சுருளிவில் பூட்டிய வால்வு. கையால் பிடித்திருக்கும் வரை அது திறந்திருக்கும். கையை விட்டால் தானாக மூடிக்கொள்ளும். அதன் கைபிடியைத் திறந்தபடியே நிறுத்துவதற்காக, கொங்கிறீற் வேலைக்குப் பயன்படும் கட்டுக்கம்பியில் ஒரு சாண் வெட்டி, கொளுக்கிபோல வளைத்து, பக்கத்துக் குழாயில் தொங்கவிட்டிருந்தார்கள். கொளுக்கி மாட்டும் இடத்தில் கைபிடியின் மஞ்சள் நிறப்பூச்சுத் தேய்ந்து இரும்பு பளபளத்தது. ஒரு நாள் அவசரத்துக்குக் கட்டிய கம்பி அவ்வளவு தேய்க்காது.

அங்கே மூத்த இயக்குநராக இருந்தவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். “ஒயில் வடிய இருபது நிமிசம் எடுக்கும் தம்பி. அவ்வளவு நேரமும் ஆர் குந்திக்கொண்டிருந்து பிடிக்கிறது? நான் பத்து வருசமாய் இப்பிடித்தான் செய்யிறன், ஒண்டும் நடக்கேல்லை” என்றார். அவர் பொறுப்பில்லாத மனிதர் அல்லர். கொம்பிரசரின் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று சொல்லக்கூடியவர். நான் கற்ற தொழிலில் பாதி அவரிடம் கற்றது. ஆயினும், “பத்து வருசமாய் ஒண்டும் நடக்கேல்லை” என்ற அந்த வாக்கியத்தில்தான் இரசாயன ஆலைகளின் பெரும் விபத்துகள் பலவற்றின் வித்து இருக்கிறது. அது எவ்வாறு என்பதை, இத்துறைக்குப் புதியவர்களுக்கு விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

ஆலைப் பாதுகாப்பு என்றவுடன் தலைக்கவசம், கையுறை, தடித்த சப்பாத்து, வழுக்காத தரை ஆகியனவே பலருக்கும் நினைவில் வரும். இவை தேவையானவை, தொழிலாளி ஒருவர் விழாமலும் வெட்டுப்படாமலும் இருக்க உதவுபவை. செயன்முறைப் பாதுகாப்பு இதிலிருந்து வேறானது. நச்சுத்தன்மையோ எரியுந்தன்மையோ வெடிக்குந்தன்மையோ கொண்ட பொருளையும், அதனுள் அடைபட்டிருக்கும் அமுக்கம், வெப்பம் முதலிய சக்தியையும், அவற்றுக்கென்று அமைத்த கொள்கலத்துக்கும் குழாய்க்கும் உள்ளேயே வைத்திருப்பதுதான் அதன் வேலை. ஏணியிலிருந்து விழுதல் ஆண்டில் இரண்டு மூன்று முறை நடக்கலாம், பாதிக்கப்படுபவர் பெரும்பாலும் ஒருவர். கொள்கலம் உடைதல் முப்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட நடக்காமல் இருக்கலாம். நடந்தால் ஆலையோடு அயலூரும் சேர்ந்து பாதிக்கப்படும். ஆகவே, முதல் வகை ஆபத்தைக் கணக்கெடுத்து இரண்டாம் வகை ஆபத்தை அளக்க முடியாது. “எங்கள் ஆலையில் இவ்வளவு நாட்களாகக் காயம் எதுவும் இல்லை” என்று வாசலில் எழுதி வைத்திருக்கும் பலகை, உள்ளே அமுக்கத்தில் இருக்கும் கொள்கலத்தின் நிலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அமோனியாவையே எடுத்துக்கொள்வோம். ஐஸ் ஆலைகளில் குளிரூட்டியாக ஓடுவது பெரும்பாலும் இதுதான். மலிவானது, குளிரூட்டும் திறன் மிகுந்தது, ஓசோன் படலத்தைப் பாதிக்காதது. அதனால் நூறாண்டுக்கு மேலாகியும் அதன் இடம் போகவில்லை. சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் அது பூச்சியத்துக்குக் கீழே 33 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும். எங்கள் ஊர் வெயிலில், 30 பாகையில் அதைத் திரவமாக வைத்திருக்க வேண்டுமானால் வளிமண்டல அமுக்கத்தைப் போல ஏறக்குறையப் பன்னிரண்டு மடங்கு அமுக்கம் வேண்டும். ஒரு லீற்றர் திரவ அமோனியா வெளியே வந்தால் எண்ணூறு லீற்றருக்கு மேற்பட்ட வாயுவாக விரியும். காற்றின் பத்து இலட்சம் பங்கில் 300 பங்கு அமோனியா கலந்தாலே, அது உயிருக்கு உடனடி ஆபத்து விளைவிக்கும் அளவென்று தொழிற்சுகாதார நியமங்கள் வகுத்துள்ளன. அமோனியா வாயு காற்றைவிட இலேசானது, ஆகவே மேலே போய்விடும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். ஆனால் திரவமாகப் பீறிடும் அமோனியா குளிர்ந்த வெண்புகையாகத் திரண்டு நிலத்தோடு தவழும். இதை நேரில் காணாதவர்கள் நம்புவதற்குத் தயங்குவார்கள்.

இனி அந்த ஒயிலுக்கு வருவோம். கொம்பிரசருக்கு இடும் ஒயிலில் ஒரு சிறு பங்கு அமோனியாவோடு கலந்து போய், குளிர்ப் பக்கத்துக் கொள்கலங்களில் தங்கும். அது திரவ அமோனியாவைவிடப் பாரமானது என்பதால் அடியில் படியும். காலத்துக்குக் காலம் அதை வடித்தெடுக்காவிட்டால் குளிரூட்டல் குன்றும். குளிரில் அது தேன்போலத் தடித்து, நூலாக இழுபட்டு மெதுவாக வரும். பார்ப்பவருக்கு இவ்வளவு சாந்தமான வேலை வேறில்லை என்று தோன்றும். ஆனால் ஒயில் முடிந்த கணத்தில் அதற்கு மேலே நிற்கும் திரவ அமோனியா அதே குழாயால் பாயும். அந்தக் கணம் எப்போது வரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் கையை எடுத்தவுடன் மூடிக்கொள்ளும் வால்வை அங்கே வைத்தார்கள்: வடிப்பவர் அவ்விடத்தை விட்டுப் போனாலும், மயங்கி விழுந்தாலும், பயந்து ஓடினாலும் வழி அடைபட வேண்டும் என்பது அதன் நோக்கம். கம்பி அந்த நோக்கத்தை முழுவதுமாக இல்லாமற் செய்துவிட்டது. வால்வு இருந்தது, வரைபடத்தில் இருந்தது, பரிசோதகர் வந்து பார்த்தாலும் இருந்தது. வேலை செய்ய வேண்டிய அந்த இருபது நிமிடங்களில் மட்டும் அது இல்லை.

ஒரே ஆபத்தைத் தடுக்க ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பல தடுப்புகளை வைப்பது இத்துறையின் அடிப்படை முறை. யாழ்ப்பாணத்துக் காணிகளைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. காணியைச் சுற்றிக் கிடுகு வேலி, உள்ளே தோட்டத்துக்கு ஒரு வேலி, முற்றத்துக்கு இன்னொன்று. எந்த வேலியும் முழுமையானதல்ல. கறையான் அரித்தோ, கிடுகு இற்றோ ஏதாவதோர் இடத்தில் பொட்டு, அதாவது ஓட்டை, விழும். ஒரு வேலியில் பொட்டு இருந்தாலும் அடுத்த வேலி மாட்டை மறிக்கும். எல்லா வேலிகளின் பொட்டுகளும் ஒரே நேர்கோட்டில் வந்த அன்றைக்குத்தான் மாடு பயிருக்குள் வந்து நிற்கும். பிரித்தானிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதே கருத்தைத் துளைகள் உள்ள பாற்கட்டித் துண்டுகளை அடுக்கிக் காட்டி விளக்கினார். உலகெங்கும் பயிற்சி வகுப்புகளில் அந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள். எனக்கு வேலியே பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் வேலியை ஆண்டுதோறும் அடைக்காவிட்டால் அது தானாகவே பொட்டு விடும். பாதுகாப்புத் தடுப்புகளும் அப்படியே.

1984 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு போபாலில் நிகழ்ந்ததை இந்தக் கண்கொண்டு பார்க்க வேண்டும். யூனியன் கார்பைட் பூச்சிகொல்லி ஆலையின் 610ஆம் இலக்கத் தாங்கியில் பூச்சிகொல்லி செய்யப் பயன்படும் நச்சுத் திரவமான மீதைல் ஐசோசயனேற்று ஏறக்குறைய 40 தொன் இருந்தது. அதனுள் தண்ணீர் புகுந்தது. இரண்டும் தாக்கமுற்று வெப்பம் ஏறி, அமுக்கம் உயர்ந்து, வாயு வெளியே பீறிட்டது. இதைத் தடுக்க அந்த ஆலையில் தடுப்புகள் இல்லாமல் இருந்தனவா என்றால், இருந்தன. தாங்கியைக் குளிராக வைத்திருக்கும் குளிரூட்டல் தொகுதி ஒன்று இருந்தது. சில மாதங்களுக்கு முன்னரே அதை நிறுத்திவிட்டார்கள். வெளியேறும் வாயுவை எரிசோடாக் கரைசலால் கழுவி நடுநிலையாக்கும் கோபுரம் இருந்தது. அது இயங்கும் நிலையில் வைக்கப்பட்டிருக்கவில்லை. மிச்சத்தை எரித்துவிடும் சுடர்க் கோபுரம் இருந்தது. அதற்குப் போகும் குழாயின் ஒரு துண்டு திருத்த வேலைக்காகக் கழற்றப்பட்டிருந்தது. தண்ணீரைப் பீய்ச்சி வாயுவை அமர்த்தும் ஏற்பாடு இருந்தது; வாயு வெளியேறிய உயரத்துக்கு அந்தத் தண்ணீர் எட்டவில்லை. மத்தியப் பிரதேச அரசு உறுதிப்படுத்திய உயிரிழப்புகள் மட்டும் 3,787. அந்த ஒவ்வொரு தடுப்பையும் நிறுத்தும்போதோ கழற்றும்போதோ எவரும் ஊரை அழிக்க எண்ணியிருக்கவில்லை. செலவு, திருத்தம், “இப்போதைக்குத் தேவையில்லை” என்று ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நேரத்தில் ஒரு காரணம் இருந்தது.

இந்த இடத்தில்தான் இயக்க ஒழுக்கம் என்ற கருத்து வருகிறது. ஒழுக்கம் என்றவுடன் பிரம்பும் தண்டனையும் நமக்கு நினைவுக்கு வருவது பள்ளிக்கூடம் தந்த பழக்கம். ஒழுகுதல் என்ற அதன் வேரில் தண்டனை இல்லை. வகுத்த வழியே தடையின்றித் தொடர்ந்து செல்லுதல் என்ற பொருளே இருக்கிறது. ஆலையில் அதன் பொருளும் அதுதான்: ஒவ்வொரு வேலையையும், அதற்கென்று ஆராய்ந்து வகுத்த முறைப்படி, ஒவ்வொரு முறையும், யார் செய்தாலும், மேலாளர் பக்கத்தில் நின்றாலும் நிற்காவிட்டாலும் அதே மாதிரிச் செய்தல். முறை பிழையென்று தெரிந்தால் அதைச் சொல்லி, ஆராய்ந்து, எழுத்தில் மாற்றிவிட்டு, பிறகு மாற்றிய முறைப்படி செய்தல். தான் மட்டும் இரகசியமாக ஒரு குறுக்குவழி வைத்துக்கொள்வது எவ்வளவு கெட்டித்தனமாக இருந்தாலும் இயக்க ஒழுக்கம் ஆகாது, ஏனெனில் அடுத்த ஆளுக்கு அது தெரியாது, வடிவமைத்தவருக்கும் தெரியாது.

குறுக்குவழியின் பெருங்கெடுதி, அது பெரும்பாலும் பலிப்பதுதான். முதல்முறை கம்பியைக் கட்டும்போது நெஞ்சு படபடக்கும். ஒன்றும் நடக்கவில்லை. பத்தாம் முறை படபடப்பு இராது. நூறாம் முறை அதுவே வழமை. புதிதாக வருபவனுக்கு அதைத்தான் பழக்குவார்கள், அவனும் வால்வோடு கம்பியும் சேர்ந்தே பிறந்தது என்று நினைப்பான். அமெரிக்காவின் டெக்சாஸ் சிற்றி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் 2005 மார்ச் 23ஆம் திகதி 15 பேர் இறந்து, ஏறக்குறைய 180 பேர் காயமடைந்த வெடிப்பில் இதைக் காணலாம். அங்கு ஐம்பது மீற்றருக்கு மேல் உயரமான கோபுரம் ஒன்றை மீளத் தொடக்கும்போது, அதன் அடியில் சில அடி உயரத்துக்கு மட்டுமே திரவம் நிற்க வேண்டும் என்று முறை சொன்னது. இயக்குநர்கள் தொடக்க வேளைகளில் அதற்கு மேலே நிரப்புவது வழமையாகிவிட்டிருந்தது. அன்று திரவ மட்டங்காட்டி பிழையான அளவைக் காட்டிக்கொண்டிருக்க, திரவம் மணிக்கணக்காக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கோபுரம் நிறைந்து, வழிந்து, வெளியே வந்த ஆவி தீப்பற்றியது. இறந்த பதினைந்து பேரும் அருகே நிறுத்தியிருந்த தற்காலிகக் கூடங்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள். பிறகு நடந்த விசாரணைகள், காயங்களின் எண்ணிக்கை குறைந்திருப்பதைக் கண்டு ஆலை பாதுகாப்பாக இருப்பதாக நிர்வாகம் நம்பியதை முக்கியமான குறையாகச் சுட்டின.

எங்கள் ஆலையிலும் கம்பி ஒருநாள் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. நான் சேர்ந்த ஆறாம் மாதம், மார்கழி, நள்ளிரவு கடந்த நேரம். கம்பியை மாட்டிவிட்டு, உவர்நீர்த் தொட்டியிலிருந்து ஐஸ் வார்ப்புகளைத் தூக்குவதற்கு உதவ நாங்கள் இருவரும் போயிருந்தோம். முதலில் கேட்டது சீறல். திரும்பிப் பார்த்தபோது, வாளியைச் சுற்றி வெள்ளைப் புகை முழங்கால் உயரத்தில் பரவி, வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது. கம்பியைக் கழற்றினால் போதும், வால்வு தானே மூடும். ஆனால் கம்பி இருந்த இடம் புகையின் நடுவில். முகமூடி இருந்த அலுமாரியும் அதே அறையில், புகைக்கு அப்பால். மூத்தவர் வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடி, கொள்கலத்துக்கு முன்னே இருந்த பிரதான வால்வைப் பூட்டினார். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது. அவருடைய கண்களைத் தண்ணீரால் நெடுநேரம் கழுவ வேண்டியிருந்தது. அந்த நேரம் வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து வீசி, புகையை வேலிக்கு அப்பாலிருந்த வீடுகளை நோக்கித் தள்ளியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் தெருவுக்கு வந்துவிட்டது. இதே கசிவு ஆடி மாதத்தில் நடந்திருந்தால் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் அதைக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கும், ஊருக்குத் தெரிந்தே இராது, கம்பியும் இன்னும் பல ஆண்டுகள் அங்கேயே தொங்கியிருக்கும் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஆலையின் அயலில் குடியிருப்போர் காற்றுக்குக் குறுக்காக விலகி ஓட வேண்டும் என்பதையும், அந்தத் திசை சோளகத்துக்கு ஒன்று, வாடைக்கு ஒன்று என்பதையும் எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இத்தகைய வேளைகளில் ஓடிப்போய் உதவுவது நம்மவரின் இயல்பு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2018 ஏப்ரலில் ஹொரணைப் பகுதியில் இறப்பர்த் தொழிற்சாலை ஒன்றின் அமோனியாத் தாங்கியில் ஐவர் இறந்தனர். விழுந்தவரைக் காப்பாற்ற முயன்றவர்களும் அவர்களுள் அடங்குவர். தாங்கி, கிணறு, குழி போன்ற அடைபட்ட இடங்களில் ஒருவர் மயங்கி விழுந்தால், அவரை விழுத்திய வாயு அங்கேயே இருக்கிறது. காற்றுச் சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவியும் வெளியிலிருந்து பிடிக்கும் கயிறும் இல்லாமல் இறங்குபவர் இரண்டாவது ஆளாக விழுவார். கரிக்கட்டி நிரப்பிய சாதாரண முகமூடி ஒட்சிசன் குறைந்த இடத்தில் எந்த உதவியும் செய்யாது.

அடுத்து மாற்றங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொருளிலோ உபகரணத்திலோ ஆளிலோ முறையிலோ செய்யும் எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன், அதனால் வேறு என்னென்ன மாறும் என்று உரியவர்கள் இருந்து ஆராய்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது செயன்முறைப் பாதுகாப்பின் தூண்களில் ஒன்று. இதை நமக்கு விளக்க வெளிநாட்டு உதாரணம் தேவைப்படவில்லை. 2021 நவம்பர், டிசெம்பர் மாதங்களில் இலங்கை முழுவதும் குசினிகளில் எரிவாயு அடுப்புகளும் இணைப்புகளும் அடுத்தடுத்து வெடித்தன. சிலிண்டரும் பழையது, ரெகுலேற்றரும் பழையது, குழாயும் பழையது. உள்ளே இருந்த கலவைதான் மாறியிருந்தது. ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழுவும் புரொப்பேன், பியூட்டேன் விகித மாற்றத்தையே முதன்மையான காரணமாகக் கண்டது. 30 பாகையில் புரொப்பேனின் ஆவியமுக்கம் பியூட்டேனுடையதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரு வீட்டுக்காரருக்கு இரண்டும் “காஸ்” தான். ரெகுலேற்றருக்கும் இறப்பர்க் குழாய்க்கும் அவை இரண்டும் ஒன்றல்ல.

1974இல் இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோவில் நடந்தது இதனுடைய பழைய பாடம். வரிசையாக இருந்த ஆறு தாக்கக் கலங்களில் ஐந்தாவதில் வெடிப்புக் கீறல் கண்டதால் அதைக் கழற்றிவிட்டு, நான்கையும் ஆறையும் இணைக்க ஒரு தற்காலிகக் குழாயைப் பூட்டினார்கள். கலங்களின் வாய்கள் ஒரே மட்டத்தில் இல்லாததால் குழாயை மடிப்பாக வளைத்துச் செய்ய வேண்டியிருந்தது. அதற்கென்று முறையான வரைபடமோ கணிப்போ இருக்கவில்லை. பட்டறைத் தரையில் சோக்கட்டியால் கீறிய படம் மட்டுமே இருந்தது. இரண்டு மாதங்கள் அது தாங்கியது. ஜூன் 1ஆம் திகதி சனிக்கிழமை பின்னேரம் குழாய் விட்டுப்போய், வெளியேறிய, எளிதில் தீப்பற்றும் சைக்ளோஹெக்சேன் ஆவிமுகில் வெடித்து 28 பேர் இறந்தனர். வாரநாளாக இருந்திருந்தால் அலுவலகக் கட்டடத்தில் இருந்தோரும் சேர்ந்திருப்பர். “தற்காலிகம்” என்று பெயரிட்டுச் செய்யும் வேலைக்குத்தான் ஆய்வு அதிகம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் நம் ஆலைகளில் தற்காலிகமாகப் பூட்டிய எதையும் கழற்றி நான் அதிகம் கண்டதில்லை.

வேலை அனுமதிப் பத்திரத்தையும், ஒரு வேளை ஆட்கள் போய் அடுத்த வேளை ஆட்கள் வரும் முறைமாற்றத்தையும் சேர்த்தே சொல்லலாம். ஓர் இயந்திரத்தைத் திருத்த எடுக்கும்போது, எதைக் கழற்றியிருக்கிறோம், எந்த வால்வைப் பூட்டி யார் சாவியை வைத்திருக்கிறார், எப்போது மீளக் கொடுப்போம் என்பதை எழுதிக் கையெழுத்திட்டு, அதை இயக்குபவருடைய கண்ணுக்கு முன்னால் வைப்பதே அனுமதிப் பத்திரம். 1988 ஜூலை 6ஆம் திகதி வடகடலில் பைப்பர் அல்பா எண்ணெய் மேடையில் ஒரு பம்பியின் அமுக்கத் தளர்த்தி வால்வைத் திருத்தத்துக்காகக் கழற்றி, அந்த இடத்தை ஒரு தகட்டால் மூடியிருந்தார்கள். பின்னேரம் முறை மாறியபோது அந்தச் செய்தி இரவு முறைக்காரருக்குப் போய்ச் சேரவில்லை. மற்றைய பம்பி நின்றுவிட, அவர்கள் இதைத் தொடக்கினார்கள். தகடு மூடிய இடத்தால் கசிந்தது வெடித்தது. இறந்தவர்கள் 167 பேர். பத்திரம் எழுதப்பட்டிருந்தது, தேவைப்பட்டவரின் கையில் அது இருக்கவில்லை. நான் இன்றும் இளம் இயக்குநர்களிடம் வற்புறுத்துவது இதைத்தான்: முறை மாறும்போது வாசலில் நின்று “எல்லாம் ஓக்கே” என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. இருவரும் சேர்ந்து ஆலையை ஒருமுறை சுற்றி நடக்க வேண்டும். கழற்றியதைக் கையால் தொட்டுக் காட்ட வேண்டும். எழுதியதை மற்றவர் வாசித்துக் கையெழுத்திட வேண்டும். பத்து நிமிடம் போகும்.

இவையெல்லாம் ஆபத்தான பொருள் இருக்கிறது என்ற நிலையை ஏற்றுக்கொண்டு, அதைக் காவல் காக்கும் வழிகள். அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பொருள் அவ்வளவு வேண்டுமா? பிரித்தானியப் பொறியியலாளர் திரெவர் கிளெற்ஸ் 1970களில் இதை வற்புறுத்தினார். உன்னிடம் இல்லாத பொருள் கசிய முடியாது என்பது அவர் கருத்தின் சாரம். போபாலில் 40 தொன்னைத் தேக்கி வைக்காமல், தேவைப்படும்போது தேவைப்படும் அளவை உண்டாக்கி உடனே பயன்படுத்தியிருந்தால் வெளியேற அவ்வளவு இருந்திராது. ஐஸ் ஆலைகளிலும் அமோனியாவின் மொத்த அளவைக் குறைக்கும் வடிவமைப்புகள் இன்று இருக்கின்றன. நம் பக்கத்துப் பெரிய இரசாயன ஆலையாகிய பரந்தனை நினைத்தால் இதன் மறுபக்கமும் விளங்கும். 1950களில் நிறுவி, போர் மூண்டபின் நின்றுபோன அந்தத் தொழிற்சாலையில் ஆனையிறவு உப்பை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் எடுத்தார்கள். உப்புநீரில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு முனையில் குளோரீனும் மறுமுனையில் ஐதரசனும் வரும். இரண்டும் கலந்தால் வெயில் வெளிச்சமே அதை வெடிக்க வைக்கப் போதும். அங்கே ஐதரசன் உண்டாவதைத் தவிர்க்க இயலாது; இரண்டையும் பிரித்து வைத்திருப்பதே செயன்முறையின் உயிர். எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்க முடியாது என்று பிரித்து அறிந்த பின்னர்தான் எந்த வேலியை எங்கே போடுவது என்ற கேள்வி வரும். வீட்டில்கூட மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் கிணற்றுக்குப் போடும் குளோரீன் தூளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது அதே குளோரீன் வாயு.

சட்டத்தைப் பொறுத்தவரை, நம் நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. அமெரிக்காவில் 1992இல் செயன்முறைப் பாதுகாப்புக்கென்று தனி ஒழுங்குவிதியே வந்தது. மேலே சொன்ன மாற்ற ஆய்வு, எழுத்து முறை, பயிற்சி, விபத்து விசாரணை உட்படப் பதினான்கு கூறுகளை அது கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில், இத்தாலியின் செவெசோவில் 1976இல் நடந்த டையொக்சின் என்ற நச்சுப்பொருளின் கசிவுக்குப் பின்னர், 1982இல் அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படும் நெறிமுறை வந்தது.

எங்கள் ஆலைக்கு எந்தப் பரிசோதகரும் வரும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. அந்த மார்கழி இரவுக்கு அடுத்த நாள், கம்பி கட்டியவர் யார் என்று கேட்டு ஆளை வேலையிலிருந்து நிறுத்துவதுதான் முதலாளியின் முதல் எண்ணமாக இருந்தது. அப்படிச் செய்திருந்தால் கம்பி போயிருக்கும்; ஒரு மாதத்தில் கயிறு வந்திருக்கும். ஏன் கட்டினார் என்ற கேள்வியை நான் வற்புறுத்திக் கேட்டேன். மூத்தவரே எங்களை அந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குந்திக் காட்டினார். கைபிடி முழங்காலுக்குக் கீழே இருந்தது, தலைக்கு மேலே உறைபனி பிடித்த குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, விளக்கு இல்லை, இருபது நிமிடம் ஒரு கையை நீட்டியபடி அங்கே குந்தியிருக்க என்னால் முடியவில்லை. முறையை எழுதியவர் அந்த இடத்தில் ஒருபோதும் குந்திப் பார்த்திருக்கமாட்டார்.

வால்வை எங்கே வைக்க வேண்டும் என்பதை அவரே சொன்னார். கொள்கலத்துக்கும் வடிகுழாய்க்கும் இடையில் சிறிய ஒயிற்பாத்திரம் ஒன்றைப் பூட்டி, அதை மேலும் கீழும் தனித்தனி வால்வுகளால் பிரித்தோம். இப்போது ஒயிலை முதலில் அந்தப் பாத்திரத்துக்குள் இறக்கி, கொள்கலத்தோடு உள்ள தொடர்பைப் பூட்டி, தங்கியிருக்கும் அமோனியாவைக் கொம்பிரசரின் உறிஞ்சுபக்கத்துக்கு அனுப்பிவிட்டு, பாத்திரத்தின் மேல் சாதாரணத் தண்ணீரை ஊற்றிச் சூடாக்குவோம். சூடான ஒயில் இளகி நான்கு நிமிடத்தில் வடிந்துவிடும். சுருளிவில் வால்வு நிற்பவரின் மார்பு உயரத்துக்கு வந்தது. ஒரு விளக்கும் வந்தது. முகமூடி அலுமாரி வாசலுக்கு வெளியே போனது. பதிவுப் புத்தகத்தில், வடித்த ஒயில் எத்தனை லீற்றர் என்று எழுத ஒரு நிரலையும் கோடு போட்டுச் சேர்த்தோம். அதுவரை அந்தக் கணக்கை யாரும் எழுதியதில்லை. வாளியோடு கொண்டுபோய் ஊற்றிவிடுவார்கள்.

மூன்றாம் மாதத்தில் அந்த நிரலில் இரண்டு லீற்றர், இரண்டு லீற்றர் என்று வந்துகொண்டிருந்த இலக்கம் ஐந்தாகியது. அடுத்த கிழமையும் ஐந்து. மூத்தவர் புத்தகத்தை என்னிடம் நீட்டி, “இது பாக்கவேணும் தம்பி” என்றார். கொம்பிரசரை நிறுத்தித் திறந்தோம். ஒயில் மேலேறி அமோனியாவோடு போகாமல் தடுக்கும் ஒயில் வளையம் இரண்டாம் சிலிண்டரில் முற்றாகத் தேய்ந்து, விரலால் தொட்டவுடன் இரண்டு துண்டாகக் கையில் வந்தது.